சரிந்து நின்ற கடல்

கொட்டாஞ்சேனைக் கராஜில் என்னுடைய மேசை லாச்சியை வெறுமையாக்கிக்கொண்டிருக்கிறேன். அடுத்த மாதம் முதல் தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பிக்கும் வேலை. முதலாளி நேற்றுக் கூப்பிட்டுச் சொன்னார்: "போறவன் சும்மா போகாத. புதுசா வந்திருக்கிற புள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதி வச்சிட்டுப் போ. வெல்டிங் எப்படினு எழுதாத, அத நான் காட்டிக் குடுப்பேன்."

ஆகவே தம்பிமாரே, தங்கச்சி, எந்த நட்டை எவ்வளவு இறுக்குவது என்பது இதில் இல்லை. இப்படியெல்லாம் எழுதுவது தலை நரைத்தவர்களின் வேலை என்பதும் எனக்குத் தெரியும். எனக்கு இன்னும் நரைக்கவில்லை. ஆனாலும் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வெள்ளவத்தையில் நான் கண்டதை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று தோன்றுகிறது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மயிர் கூச்செறியும்.

கரவன் என்றால் இப்போது உங்களுக்குத் தெரியும். ஜீப்புக்குப் பின்னால் கொழுவி இழுத்துப்போகிற சின்ன வீடு. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். அதன் ஒரே வில்லங்கம் நிறுத்துகிற இடம். இந்த நாட்டில் மட்டமான நிலம் என்று ஒன்று கிடைப்பது அபூர்வம். நிறுத்தியதும் நாலு மூலையிலும் கைபிடியைச் சுழற்றிச் சுழற்றித்தான் வண்டியை நேராக்க வேண்டும். அதற்குப் பதிலாகத்தான் தானாக மட்டமாக்கும் ஹைட்ரோலிக் கால்கள். நாலு கால், ஒரு பம்ப், ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. பொத்தானை அமத்தினால் பெட்டி சரிவை உணர்ந்து, எந்தக் கால் எவ்வளவு நீள வேண்டும் என்று தீர்மானிக்கும். எல்லாம் நேரானதும் பச்சை விளக்கு எரியும். நேர் என்பது எது என்று முதலில் ஒருமுறை நாம்தான் அதற்குக் காட்டிக்கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் சீரோ.

எங்கள் கராஜில் அதை முதன்முதலில் பூட்டியது வெள்ளவத்தை டீச்சருக்காக. பழைய கரவன் ஒன்றை அவருடைய கணவர் வாங்கியிருந்தார். வங்கியில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். நாங்கள் அவரை சேர் என்போம். டீச்சர் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவர். பாரிசவாதம் வந்து இடது பக்கம் தளர்ந்துபோயிருந்தது. மட்டமான நிலத்தில் தடியோடு தானாகவே நடப்பார். இடது பக்கம் கொஞ்சம் சரிந்த நிலமென்றால் அப்படியே விழுந்துவிடுவார். ஒருமுறை பொரளையில் சொந்தக்காரர் வீட்டுக் குளியலறையில், தண்ணீர் ஓடட்டும் என்று வாட்டம் வைத்துக் கட்டிய தரையில் விழுந்து தோளை முறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் தன் அடுக்குமாடி வீட்டை விட்டு வேறெங்கும் இரவு தங்கவேயில்லை.

மட்டக்களப்பில் அவருக்கு ஒரு தங்கை. அந்த அம்மாவுக்கு வாராவாரம் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும்; அவரால் கொழும்புக்கு வர முடியாது. டீச்சரால் அந்தச் சின்ன வீட்டின் படிகளையும் குளியலறையையும் சமாளிக்க முடியாது. இரண்டு பேரும் போனில் மட்டும் முகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கையின் வீட்டு வளவிலேயே கரவனை நிறுத்தி, டீச்சர் அதில் தங்குவது என்பதுதான் சேர் போட்ட திட்டம். அந்த வளவோ வாவிக்கரை மணல்.

"தம்பி, வேற ஒண்டும் எனக்கு வேண்டாம்," என்றார் சேர் முதல் நாளே. "இவ எழும்பி நிக்கேக்க தரை நேரா இருக்க வேணும். அவ்வளவுதான்."

எங்கள் ஹைட்ரோலிக் அய்யேயை உங்களுக்குத் தெரியும், இப்போதும் கராஜில் எல்லோரையும் சிங்களத்தில் மல்லி, அதாவது தம்பி, என்றே கூப்பிடுகிறவர்; அதனால்தான் நமக்கும் அவர் அய்யே, அண்ணன். துறைமுகத்தில் பெரிய பெரிய தூக்கிகளோடு கிடந்தவர். எதற்கும் லேசில் அசர மாட்டார். எல்லாம் பூட்டி முடித்து நான் பொத்தானை அமத்தினேன். நாலு காலும் இறங்கின. தரையைத் தொட்டதும் ஒவ்வொன்றும் ஒரு கணம் நின்றது, இருட்டில் படி இறங்குகிறவன் காலால் தடவிப் பார்ப்பது மாதிரி. பிறகு முழு வீடும் மெதுவாக மேலே எழும்பியது. முன் மூலை ஒன்று கொஞ்சம் யோசித்தது. பின் மூலை அதற்கு விட்டுக்கொடுத்தது. பிறகு எல்லாம் அசையாமல் நின்றுவிட்டது.

அய்யே சாரத்தால் கையைத் துடைக்கவும் மறந்து நின்றார். "பலன்ன மல்லி, தனியம நகினவா," என்றார். பார் தம்பி, தானாகவே எழும்புது. பிறகு தமிழில், "இதுக்கு உசிர் இருக்கு" என்றார்.

நான் என் பங்குக்குப் பெரிய விளக்கமே கொடுத்தேன். என் அப்பா கொச்சிக்கடைப் பக்கம் மூட்டை சுமந்தவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அகராதியை வைத்துக்கொண்டு அந்த இயந்திரத்தின் விளக்கப் புத்தகம் முழுவதையும் படித்திருந்தேன். கட்டிலுக்குக் கீழே உள்ள அலுமாரியைத் திறந்து, பலகையில் நாலு ஸ்குரூவில் பூட்டிய கறுப்புப் பெட்டியைக் காட்டி சேரிடம் சொன்னேன்: "இதுதான் சேர் இதோட மூளை. எல்லாம் இதுக்குள்ளதான் நடக்குது."

"மூளையோ?" என்று சேர் குனிந்து பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். அந்தப் பார்வையை அப்போது நான் பெரிதாக எடுக்கவில்லை.

ரசமட்டத்தைத் தரையில் நீளமாகவும் குறுக்காகவும் வைத்து, குமிழி நடுவில் நிற்பதைப் பார்த்து சீரோ வைத்தேன். அய்யே தன் ரசமட்டத்தைக் கொண்டுவந்து மறுபடியும் பார்த்தார். சரியாக இருந்தது. வியாழக்கிழமை பின்னேரம் ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலடியில் வண்டிக்குப் பூசை. தேங்காய் உடைத்து, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசுக்கி, ஐயர் சந்தனம் பூசி, அர்ச்சனைத் தட்டைச் சேரின் கையில் கொடுத்தார். வண்டி வெள்ளவத்தைக்குப் போனது.

மறுநாள் காலை புறப்பாடு. கடைசியாக ஒருமுறை இயக்கிக் காட்டிவிட்டு வர முதலாளி என்னையும் அய்யேயையும் அனுப்பினார். மரைன் டிரைவில் கடற்கரைப் பக்கமாக வண்டி நின்றது. அந்த வீதியைத் தாண்டினால் ரயில் பாதை, அதைத் தாண்டினால் கடல். சேர் புதுச் சட்டை போட்டு, நெற்றி நிறையத் திருநீற்றோடு, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குது தம்பி. அதுக்கு முன்னம் வெளிக்கிட வேணும். கெதியா."

பொத்தானை அமத்தினேன். கால்கள் இறங்கின. வண்டி எழும்பியது. பச்சை விளக்கு எரிந்தது. டீச்சரை உள்ளே ஏற்றி, கடலைப் பார்த்த ஜன்னலுக்கு முன்னாலிருந்த இருக்கையில் உட்கார வைத்தோம். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அடுப்பைப் பார்த்து, "இதில உங்கட சேர்தான் சமைக்கப் போறார், பாவம் மட்டக்களப்புச் சனம்" என்றார். அய்யே சிரித்தார். பிறகு டீச்சர் தடியை ஊன்றி எழும்பினார். எழும்பியவர் உடனேயே ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இது இழுக்குது," என்றார்.

"என்ன இழுக்குது?" என்றார் சேர்.

"தரை. என்னை இடப்பக்கம் இழுக்குது."

"பச்சை எரியுது டீச்சர்," என்றேன்.

"தம்பி, எரியிறது உம்மட விளக்கு. விழப்போறது நான்." அவர் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கடல் சரிஞ்சு நிக்குது."

நான் அவருக்குப் பின்னால் போய் நின்று பார்த்தேன். அதே நேரம் ஒரு ரயில் வந்து எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு ஓடியது. பெட்டி பெட்டியாக, கதவில் தொங்குகிற ஆட்களோடு. கடைசிப் பெட்டி போனதும் கடல் திரும்பி வந்தது. ஜன்னல் சட்டத்துக்குள் வானமும் கடலும் தொடுகிற அந்தக் கோடு வலப்பக்கம் தாழ்ந்து, இடப்பக்கம் இரண்டு விரல் அகலம் ஏறி நின்றது.

நான் வெள்ளவத்தைக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அந்தக் கோட்டைப் பார்க்காத நாளில்லை. அது ஒரு ரசமட்டம் என்று அன்றைக்குத்தான் கண்டேன். அந்தக் கோட்டுக்கு யாரும் சீரோ வைத்ததில்லை. கடல் சரியாது. சரிந்தது நாங்கள்தான்.

ரசமட்டத்தைத் தரையில் வைத்தேன். குமிழி முன்பக்கம் ஓடிவிட்டது. வண்டியின் பின்பக்கம் தாழ்ந்திருந்தது. கடலைப் பார்த்து நிற்கிற டீச்சருக்கு அதுதான் இடது பக்கம். விளக்கு சொல்லாததை, ரசமட்டம் சொல்லும் முன்பே, தளர்ந்துபோன ஒரு பக்கம் சொல்லியிருந்தது.

இனி வருவதைக் கவனமாகப் படியுங்கள். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

இந்த இடத்தில் மிகவும் சுலபமான வழி ஒன்று இருந்தது. கையால் கால்களை இயக்கி, குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து, புதிதாக சீரோ வைத்துவிடுவது. அவ்வளவுதான், தரை நேராகிவிடும், கடலும் நேராகிவிடும், ராகுகாலத்துக்கு முன் வண்டி புறப்பட்டுவிடும். நான் போனில் விஷயத்தைச் சொன்னதும் முதலாளியும் அதைத்தான் சொன்னார்: "டேய், சீரோவ அமத்திட்டு அனுப்பி விடு. மனுசன் நேரம் பாக்குறாரு." சேரும் அதைத்தான் சொன்னார்: "அதை இன்னொருக்கா அமத்தி விடும் தம்பி, முடிஞ்சுது."

என் விரல் பொத்தானில் இருந்தது.

"தம்பி," என்றார் டீச்சர். "நேற்று இது சரியா இருந்ததோ?"

"ஓம் டீச்சர். நானும் பாத்தேன், அய்யேயும் பாத்தாரு."

"அப்ப இண்டைக்கு ஏன் பிழை?"

"தெரியல டீச்சர்."

"தெரியாமலோ அமத்தப் போறீர்?"

நான் விரலை எடுத்தேன்.

"இஞ்சரும், பத்தரையாகுது," என்றார் சேர். குரல் கெஞ்சியது. "இவ்வளவு காலம் கழிச்சு வெளிக்கிடுறம். கெட்ட நேரத்திலயோ வெளிக்கிடுறது?"

எனக்கு அவரைப் பார்க்கவும் கஷ்டமாக இருந்தது. இருந்தாலும் சொன்னேன்: "சேர், நேத்து சரியா இருந்தது இன்னைக்கு பிழைச்சிருக்கு. என்ன மாறிச்சுனு தெரியாம நான் சீரோ வச்சா, அது நாளைக்கு மறுபடி மாறும். அங்க மணல்ல நிக்கும்போது மாறினா, பச்சை எரியும். டீச்சர் நம்பி எழும்புவாங்க."

சேர் மணிக்கூட்டிலிருந்து கண்ணை எடுத்து டீச்சரைப் பார்த்தார்.

டீச்சர் சொன்னார்: "ராகுகாலம் வந்தால் வரட்டும். இடம் இருக்கு, அதுவும் ஏறி இருக்கட்டும். நீர் தேடும்."

அய்யே வண்டிக்குக் கீழே புகுந்தார். ஒவ்வொரு காலாகத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. "கால்ல ஒண்ணும் இல்ல மல்லி. ஓயில் லீக் இல்ல. சட்டம் வளையல்ல." நான் வயர்களைப் பார்த்தேன். மின்கலத்தைப் பார்த்தேன். எல்லாம் நாங்கள் விட்டுவிட்டு வந்தபடியே இருந்தன. மிஞ்சியது ஒன்றுதான். கட்டிலுக்குக் கீழேயிருந்த அலுமாரியைத் திறந்தேன்.

பெட்டி இருந்தது. நாலு ஸ்குரூவும் இறுக்கமாக இருந்தன. ஆனால் அதில் இரண்டின் தலையில் புதிதாகக் கீறல்.

"தம்பி..." பின்னால் சேரின் குரல். "பாத்து. அதுக்குக் கீழ நான் ஒண்டு வச்சனான்."

எல்லோரும் திரும்பினோம்.

"என்ன வச்சனீங்கள்?" என்றார் டீச்சர்.

சேர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பப் போட்டார். "நேற்றுக் கோயிலில ஐயர் தந்த திருநீறு. ஒரு சின்னப் பொட்டலம். இந்தத் தம்பிதானே சொன்னது, இதுதான் மூளை எண்டு. மூளைக்குக் கிட்ட இருந்தால் உமக்கு ஒண்டும் நடக்காது எண்டு நினைச்சன்."

ஸ்குரூவைக் கழற்றினேன். பெட்டியின் பின் விளிம்புக்கும் பலகைக்கும் நடுவில், நாலாக மடித்த காகிதப் பொட்டலம், அழுந்திப்போய் இருந்தது. பெட்டி பின்பக்கம் அந்தளவு உயர்ந்திருந்தது. வண்டியின் பின்பக்கம்தான் உயர்ந்திருக்கிறது என்று அது நம்பியிருக்கிறது. நம்பி, கடமை தவறாமல் பின்பக்கத்தைத் தாழ்த்தியிருக்கிறது. கொடுத்த வேலையில் ஒரு பிழையும் விடாமல் டீச்சரை விழுத்தப் பார்த்திருக்கிறது. நான் அந்தப் பொட்டலத்தோடேயே சீரோ வைத்து அனுப்பியிருந்தால், மட்டக்களப்பு வரைக்கும் குலுங்கிய குலுக்கலில் காகிதம் இன்னும் நசுங்கி, தரை எந்தப் பக்கம் சரிந்திருக்கும் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. அங்கே வாவி தெரிகிற பக்கம் ஜன்னல் இல்லாமல் நிறுத்தியிருந்தால் பார்த்தும் இருக்க மாட்டார்கள்.

டீச்சர் சிரிக்கத் தொடங்கினார். ஒரு பக்க வாய்தான் சிரித்தது, ஆனால் முழு உடம்பும் குலுங்கியது. "முப்பது வருசம் வங்கியில கணக்குப் பாத்த மனிசன்! நெத்தியில பூசுற சாமானைக் கொண்டுபோய் அடியில வச்சிருக்கிறார்!"

"மூளை எண்டு சொன்னது இவர்தானே!" என்றார் சேர் என்னைக் காட்டி. அய்யே வெளியே போய்த்தான் சிரித்தார்.

பொட்டலம் என் கையில் இருந்தது. சேர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எறிஞ்சு போடாதையும்," என்றார் மெல்ல.

நான் எறிந்திருக்க மாட்டேன். ஒவ்வொரு பரீட்சைக்கும் போகும்போது வாசலில் நிற்க வைத்து என் நெற்றியில் திருநீறு பூசியவர் என் அம்மா. அவருக்கு அந்தப் பாடத்தின் பெயரே தெரியாது. தெரிந்த ஒரே உதவியைச் செய்தார். சேரும் அதைத்தானே செய்திருக்கிறார். கை வைத்து மனைவியைத் தாங்கிப்பிடிக்கிற வயது அவருக்குத் தாண்டிவிட்டது. தன்னால் எட்டக்கூடிய இடத்தில் ஒரு காவலை வைத்திருக்கிறார். வாடிக்கையாளர் செய்கிற பிழையைப் பார்த்து உங்களுக்குப் பல்லைக் காட்டத் தோன்றும் நாட்கள் வரும். அன்றைக்கு அந்த முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். பிழைக்குப் பின்னால் ஒரு பயம் நிற்கும். அதையும் சேர்த்துத்தான் நாங்கள் திருத்த வேண்டும்.

பெட்டியைப் பழையபடி பலகையோடு ஒட்டப் பூட்டினேன். என்ன செய்வது என்று தெரியாமல் பொட்டலத்தை டீச்சரிடம் நீட்டினேன். அவர் அதை மடியில் வைத்து, இயங்குகிற வலது கையால் பிரித்து, மூன்று விரலில் தொட்டு, "பெட்டியைக் காட்டும்" என்றார். அவருடைய கை எட்டும்படி அலுமாரிக்கு அருகில் இருக்கையை நகர்த்தினோம். கறுப்பு மூடியின் மேல் மூன்று கோடு இழுத்தார். மூன்றும் நேர்க்கோடு. கரும்பலகையில் எவ்வளவு கோடு கீறிய கை!

"இப்ப சரியோ? நெத்தியில இருக்கு, பாரமும் இல்லை," என்றார் கணவரிடம். சேர் தலையை ஆட்டினார்.

சீரோவை நான் தொடவில்லை. பழைய சீரோதான். பொத்தானை மட்டும் அமத்தினேன்.

கால்கள் முனகின. பின்பக்கம் எழும்பத் தொடங்கியது. நான் விளக்கைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தேன். திரும்பி வந்த அய்யேயோடு நாங்கள் நால்வரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றோம். கடல் இடது பக்கத்திலிருந்து இறங்கத் தொடங்கியது. அவ்வளவு பெரிய கடல், கப்பல்களெல்லாம் நிற்கிற கடல், ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டது போல அங்குலம் அங்குலமாக இறங்கி வந்து, ஜன்னல் சட்டத்துக்குச் சமமாக வந்து, அப்படியே படிந்தது. அசைந்தது நாங்கள்தான் என்று அறிவுக்குத் தெரியும். கண் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நான் என் கண்ணால் பார்த்தது நாங்கள் கடலை நேராக்கியதைத்தான். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

டீச்சர் எழும்பினார். தடியை ஊன்றவில்லை, அதை இருக்கையில் சாத்தி வைத்துவிட்டார். சேர் கையை நீட்டினார், தொடாமல், பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். ஒரு ரயில் வந்தது, போனது. அப்போதும் நின்றார்.

"பத்தரை தாண்டிட்டுது," என்றார் சேர்.

"நல்லதாப் போச்சு. தேத்தண்ணி வையுங்கோ. ராகுகாலம் முடிய வெளிக்கிடுவம்."

அந்தக் கரவனின் அடுப்பில் முதன்முதலாக வைத்த தேநீரைக் குடித்தவர்கள் நாங்கள். சேர் பதட்டத்தில் கோப்பைகளை விளிம்பு முட்ட நிரப்பிவிட்டார். மேசையில் வைத்த நாலு கோப்பையிலிருந்தும் ஒரு துளி வழியவில்லை. அய்யே தன் கோப்பையைக் குனிந்து பக்கவாட்டில் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். குடிப்பதற்கு மனமில்லாதவர் போலக் கொஞ்ச நேரம் அதைத் தொடாமல் வைத்திருந்தார்.

கராஜுக்குத் திரும்பியதும் முதலாளி, "ஒரு பொத்தான அமத்த இவ்வளவு நேரமாடா?" என்று கத்தினார். நடந்ததைச் சொன்னேன். அன்றிலிருந்து எந்தக் கரவனுக்கும் அந்தப் பெட்டிக்கு மேலே ஒரு சின்னத் தட்டு அடித்துத்தான் கொடுக்கிறோம். ஏன் அந்தத் தட்டு என்று நீங்கள் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். சாமிப் படமோ, சிலுவையோ, பௌத்தர்கள் காவலுக்குக் கட்டுகிற பிரித் நூலோ, அவரவர் வைக்க விரும்புவதை வைக்கட்டும். எப்படியும் வைக்கத்தான் போகிறார்கள். பெட்டிக்குக் கீழே வைக்காமல் இருந்தால் போதும்.

ஒன்று பிழைத்தால் திருத்தத் தெரிந்திருப்பது நல்லது. உங்களுக்கு அது சீக்கிரம் வந்துவிடும், கெட்டிக்காரர்கள். நேற்று சரியாக இருந்தது இன்றைக்கு ஏன் பிழைத்தது என்று கேட்டுவிட்டுத் திருத்துகிற பொறுமைதான் லேசில் வராது. பக்கத்தில் ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது வரவே வராது. அந்த நேரம் விரலைப் பொத்தானிலிருந்து எடுங்கள். எடுத்துவிட்டு, அந்தத் தரையில் நிற்கப் போவது யார் என்று பாருங்கள்.

இரண்டு நாள் கழித்து எனக்கு ஒரு படம் வந்தது. கரவனுக்குள்ளிருந்து எடுத்த படம். ஜன்னலுக்கு முன்னால் இரண்டு நரைத்த தலைகள் பின்பக்கம் தெரிய, ஒன்றோடொன்று சாய்ந்திருந்தன. அவற்றுக்கு அப்பால் ஜன்னல், அதில் மட்டக்களப்பு வாவி. படத்துக்குக் கீழே ஒரு குரல் பதிவு. முதலில் யாரோ ஒரு பெண் சிரிக்கிற சத்தம். தங்கையாக இருக்க வேண்டும். பிறகு டீச்சர், வகுப்பில் விடை சரி என்று சொல்லுகிற அதே குரலில்:

"தம்பி, வாவி நேரா இருக்கு."